நம் கையால் கட்டிய நிரல்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேசவந்திருப்பது இரண்டு சிறிய கட்டளைகளைப் பற்றி. ஒன்று ‘கோ பில்ட்’, இன்னொன்று ‘கோ இன்ஸ்டால்’. கோ என்ற நிரல்மொழியோடு சேர்ந்து வரும் கருவியின் கட்டளைகள் இவை. முதல் கட்டளை, நாம் எழுதிய மூலநிரலைக் கணினி நேரடியாக ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றித் தருகிறது. இரண்டாவது, அப்படி மாற்றியதைக் கணினியில் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைக்கலாம். நிறையவே இருக்கிறது.

தி. நகரிலும் அடையாறிலும் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எழுத வருகிறது. திரையின் மூலையில் இருக்கும் பச்சை முக்கோணத்தை அழுத்த வருகிறது. விடையும் வந்துவிடுகிறது. அந்த முக்கோணத்தை அழுத்தியதும் உள்ளே என்னென்ன நடக்கிறது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். தான் எழுதிய நிரலைப் பக்கத்து வீட்டுக் கணினியில் ஓட்டிக் காட்டச் சொன்னால் திணறுகிறார்கள். எழுதுவது பாதி வேலைதான். எழுதியதைத் தானே கட்டி, நிறுவி, அடுத்தவர் கணினியிலும் ஓடவைப்பது மீதிப் பாதி. அந்த இரண்டாம் பாதியையும் கைவசம் வைத்திருப்பவருக்கே ஒரு நிரல் உண்மையில் சொந்தம் என்று நான் நம்புகிறேன்.

இந்த ஊரில் அந்த இரண்டாம் பாதி ஒரு காலத்தில் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. 1973இல் இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சர்தார் படேல் சாலையில் இருக்கும் ஐஐடி மெட்ராஸ் வளாகத்துக்கு ஐபிஎம் 370 என்ற பெரிய கணினி ஜெர்மனியின் உதவியோடு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் நிரலை அட்டையில் துளையிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. வரிக்கு 80 இடங்கள். முதல் 5 இடங்கள் வரி எண்ணுக்கு. ஆறாவது இடத்தில் துளை இருந்தால் அது முந்தைய அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை நிரல். 73 முதல் 80 வரை உள்ள இடங்களை, நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் திரும்பியே பார்க்காது. விவரம் தெரிந்தவர்கள் அங்கே வரிசை எண் துளைத்து வைப்பார்கள். கட்டு கைதவறிச் சிதறினால் மறுபடி அடுக்கிவிடலாம். கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால், விடைக்குப் பதில் பிழைச் செய்தி அச்சான தாள் வரும். திருத்திய அட்டையோடு மறுபடி வரிசை.

அந்தக் கட்டின் முன்னும் பின்னும் கணினிக்கு வேலையைச் சொல்லும் தனி அட்டைகள் இருக்கும். அவை மூன்று படிகளைக் கேட்கும். முதலில் கம்பைல்: எழுதிய ஒவ்வொரு துண்டையும் எந்திரமொழிக்கு மாற்றுவது. அடுத்து லிங்க்: அந்தத் துண்டுகளையும், வர்க்கமூலம் காண்பது, அச்சிடுவது போன்றவற்றுக்காக ஏற்கெனவே செய்துவைத்த துண்டுகளையும் ஒரே நிரலாக இணைப்பது. கடைசியில் ஓட்டம். இன்று பச்சை முக்கோணத்தை அழுத்தும்போதும் கம்பைல் செய்யும் மொழிகளில் நடப்பது இதே மூன்றுதான். அன்றைய மாணவர் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருந்ததால் மூன்றையும் தெரிந்துவைத்திருந்தார்.

காத்திருப்பு அட்டையோடு ஒழிந்துவிடவில்லை. 2007 செப்டம்பரில் கூகுளில் வேலை பார்த்த ராப் பைக், ஒரு பெரிய சி++ நிரலைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை கம்பைல் செய்யவும் சுமார் 45 நிமிடம் ஆனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதுவும் பல கணினிகள் சேர்ந்து வேலை செய்து. அந்தச் சலிப்பில் அவரும் ராபர்ட் கிரீசமரும் கென் தாம்சனும் பேசத் தொடங்கியதில் பிறந்தது கோ. 2009 நவம்பரில் வெளியானது, 2012 மார்ச்சில் 1.0 ஆனது. கம்பைல் சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காகவே அந்த மொழியின் இலக்கணத்தில் சில கண்டிப்புகளை வைத்தார்கள். ஒரு தொகுப்பை இறக்குமதி செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் மறுத்துவிடும். இரண்டு தொகுப்புகள் ஒன்றையொன்று சுற்றிச் சார்ந்திருக்கவும் விடாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். நான் அதை அந்த மொழியின் நல்ல குணமாகவே பார்க்கிறேன்.

இப்போது திரையைப் பாருங்கள். ‘வணக்கம் மயிலை’ என்று அச்சிடும் சின்ன நிரல். வெறுமனே ‘கோ பில்ட்’ என்று அடித்தால் சத்தமே இல்லாமல் வேலை முடிந்துவிடும். அதனால் கட்டளையோடு ‘மைனஸ் எக்ஸ்’ சேர்த்து அடிக்கிறேன். உள்ளே செய்வதையெல்லாம் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே செய் என்று பொருள். முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரை உருவாக்குகிறது. அடுத்த சில வரிகளில் கம்பைலரைக் கூப்பிடுகிறது. அதன்பின் எந்தெந்தத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, அதை லிங்கரிடம் கொடுக்கிறது. கடைசி வரிகளில் அந்தத் தற்காலிக இடத்திலிருந்து கோப்பை எடுத்து நம் ஃபோல்டருக்குக் கொண்டுவந்து பெயரிடுகிறது. 1973இன் அட்டைக்கட்டில் இருந்த படிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டாம் முறை அடித்தால் பெரும்பாலான வரிகள் காணாமல் போகும். மாறாத துண்டுகளைத் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

வெளிவந்த கோப்பின் அளவைப் பாருங்கள்: ஒரே ஒரு வாக்கியம் அச்சிடும் நிரலுக்குச் சுமார் 2 எம்பி. வீண்செலவு என்று தோன்றும். நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, பல வேலைகளை ஒரே நேரத்தில் மாற்றி மாற்றி ஓட்டும் பகுதி, எழுத்துகளை அச்சிடும் நூலகம் எல்லாவற்றையும் அது தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதற்குக் கிடைக்கும் பலன் பெரிது. இந்த ஒரே கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, கோ மொழியே இல்லாத, அதே வகைக் கணினியில் வைத்தால் ஓடும். ‘அந்த நூலகம் இல்லை, இந்தப் பதிப்பு போதாது’ என்ற புலம்பல் இருக்காது.

‘கோ ரன்’ என்றொரு கட்டளையும் உண்டு. பயிற்சி வகுப்புகளில் இதுதான் புழங்குகிறது. இதுவும் கம்பைல் செய்து, லிங்க் செய்து, தற்காலிக இடத்தில் வைத்து ஓட்டிவிட்டு அழித்துவிடுகிறது. கையில் எதுவும் மிஞ்சாது. பழகத் தொடங்கும்போது சரி. அதோடு நின்றுவிடக் கூடாது.

‘கோ இன்ஸ்டால்’ அடித்தால் என்ன ஆகிறது? நம் ஹோம் ஃபோல்டருக்குள் ‘கோ’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘பின்’ என்ற ஃபோல்டர், அங்கே நிரல் போய் அமர்கிறது. வேறிடம் வேண்டுமானால் ‘கோபின்’ என்ற மாறியில் சொல்லிவைக்கலாம். இப்போது டெர்மினலில் நிரலின் பெயரை அடித்தால் ஓட வேண்டும். புதிய கணினியில் பெரும்பாலும் ஓடாது. ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வரும். மாணவர்கள் மனமுடைந்து போகும் இடம் இது. ‘நிறுவும்போது எந்தப் பிழையும் காட்டவில்லையே சார், பிறகு ஏன் இல்லை என்கிறது?’ என்பார்கள். கோளாறு நிரலில் இல்லை. நாம் ஒரு பெயரை அடித்ததும் டெர்மினல் கணினி முழுவதையும் தேடுவதில்லை. ‘பாத்’ என்ற மாறியில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை மட்டும், எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதை ஓட்டுகிறது. அந்தப் பட்டியலில் நம் ‘பின்’ ஃபோல்டர் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸில் ‘பாஷ்ஆர்சி’ கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்து, டெர்மினலை மூடித் திறந்தால் சரியாகிவிடும். அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இருந்தால் எது ஓடுகிறது என்ற குழப்பமும் இதை வைத்தே தீரும். ‘விச்’ என்று அடித்துப் பெயரைச் சொன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடும்.

லினக்ஸ் வீட்டில் இல்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த போஸ், தரமணி டைடல் பார்க்கில் இருக்கும் சி-டாக் சென்னை மையத்தில் உருவானது. அந்த மடிக்கணினிகளில் சில இன்றும் வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. எடுத்துத் தூசு தட்டிப் பாருங்கள். தமிழில் படிக்க ‘கணியம்’ இதழ் இருக்கிறது. 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறார்கள். த. சீனிவாசனும் து. நித்யாவும் அதற்குச் செய்திருக்கும் உழைப்புக்கு இந்த மேடையில் நன்றி சொல்லாமல் போக முடியாது.

கோ கருவியில் என்னை மிகவும் கவர்ந்த வசதிக்கு வருகிறேன். இந்த மடிக்கணினியில் இருப்பது இன்டெல் செயலி. ‘கோஓஎஸ்’, ‘கோஆர்க்’ என்ற இரண்டு மாறிகளில் ‘லினக்ஸ்’ என்றும் ‘ரிஸ்க்-வி 64’ என்றும் எழுதி அதே ‘கோ பில்ட்’ அடித்தால், இந்தச் செயலியில் ஓடாத, வேறொரு செயலிக்கான கோப்பு வெளிவருகிறது. தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. ரிஸ்க்-வியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அது 2010இல் பெர்க்லியில் தொடங்கிய, யாரும் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய செயலிக் கட்டளைத் தொகுதி. அதன்மேல்தான் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு ‘சக்தி’ செயலிகளை வடிவமைத்தது. 2018இல் ஒரு சக்தி சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், ‘ரிமோ’ என்ற இன்னொன்று சண்டிகரை அடுத்த மொஹாலியில் இருக்கும் செமிகண்டக்டர் லேபரட்டரியிலும் தயாரானது. 2020இல் ‘மௌஷிக்’ வந்தது. வடிவமைப்பின் மூலநிரலைக்கூட எவரும் இறக்கிப் படிக்கலாம்.

சக்தி செயலி ஓடும் மின்சுற்றுப் பலகைகளுக்கு நிரல் எழுதும் கருவித்தொகுப்பையும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதில் சி மொழியில் எழுதி, ‘மேக் சாஃப்ட்வேர்’ என்று தொடங்கி, எந்த நிரல், எந்தப் பலகை என்று சொல்ல வேண்டும். ‘பினாகா’, ‘பரசு’, ‘வஜ்ரா’ என்று பலகைகளுக்குப் பெயர். சிறிய பலகையில் இயங்குதளம் இல்லாமலே நிரல் நேராகச் செயலியில் ஓடும். அங்கே கோ உதவாது, சி மொழிதான். லினக்ஸ் ஓடும் பெரிய ‘சி’ வகுப்புச் செயலிக்குப் போனால் கோ பொருந்தும். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். லஸ் முனையில் உட்கார்ந்து எழுதிய நிரலை, அடையாறில் வடிவமைத்த செயலிக்காகத் தன் மடிக்கணினியிலேயே கம்பைல் செய்ய முடிகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

‘கோ இன்ஸ்டால்’ நாம் எழுதியதை மட்டும் நிறுவுவதில்லை. யாரோ எழுதி இணையத்தில் வைத்திருக்கும் நிரலின் முகவரியையும், ‘அட்’ குறி போட்டுப் பதிப்பெண்ணையும் கொடுத்தால், மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவும். 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து இதற்கு இப்படித்தான் வழக்கம். ஒரே வரி. ஒரே வரியில் முடிவதால்தான் கவனமும் வேண்டும்.

2024 மார்ச்சில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ‘எக்ஸ்இசட்’ என்பது லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். அதன் பராமரிப்பில் புனைபெயரில் நுழைந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்புகள் செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு அதில் ஒரு கள்ளக்கதவு வைத்தார். வைத்த இடத்தைக் கவனியுங்கள். எல்லோரும் படிக்கும் சி மூலநிரலில் வைக்கவில்லை. பரிசோதனைக்கான கோப்பு என்ற பெயரில் நஞ்சை ஒளித்துவைத்து, அதைப் பிரித்தெடுத்து நிரலுக்குள் சேர்க்கும் வரிகளை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த கட்டுமான ஸ்கிரிப்டில் நுழைத்தார். கம்பைல் நடக்கும் அந்த நேரத்தில்தான் திருட்டு நடந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. அரை நொடியைப் பொருட்படுத்திய அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் பச்சை முக்கோணத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கோ கருவியை வடிவமைத்தவர்கள் ஓர் உறுதியான முடிவு எடுத்திருக்கிறார்கள். இறக்கும்போதோ கம்பைல் செய்யும்போதோ, இறக்கிய தொகுப்பில் இருக்கும் எந்த நிரலும் ஓடக் கூடாது. நிறுவும்போதே ஸ்கிரிப்டுகளை ஓட்டும் வழக்கம் வேறு பல மொழிகளின் கருவிகளில் இருக்கிறது, இங்கே இல்லை. அடுத்தது, இறக்கிய ஒவ்வொரு தொகுப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஒரு நீண்ட குறியெண் உண்டு. 2019இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து இந்தக் குறியெண்களை ஒரு பொதுப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்தப் பேரேட்டில் சேர்க்கத்தான் முடியும், பழையதைச் சத்தமில்லாமல் அழித்து எழுத முடியாது. எனக்கு ஒரு பிரதியும் உங்களுக்கு வேறொரு பிரதியும் யாரும் மாற்றிக் கொடுக்க முடியாது.

உஸ்மான் சாலையில் நகை வாங்குபவர்கள் இப்போது ஹால்மார்க்கோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்யூஐடி குறியையும் பார்த்து, மொபைல் ஆப்பில் அடித்துச் சரிபார்க்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். குறியெண்ணும் அதைப் போன்றதுதான், ஒரு வேற்றுமையோடு. நகைக்குறி தங்கத்தின் தரத்துக்கும் உறுதி சொல்கிறது. நிரலின் குறியெண், ‘எல்லோருக்கும் கொடுத்த அதே சரக்கு இது’ என்பதை மட்டும் சொல்கிறது. சரக்கு நல்லதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. ‘கோ வெர்ஷன் மைனஸ் எம்’ என்று அடித்து, கம்பைல் செய்த கோப்பின் பெயரைக் கொடுங்கள். தான் எந்தெந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்புகளால் ஆனது என்று அதுவே ஒப்பித்துவிடும்.

கென் தாம்சனின் பெயரை முன்பே சொன்னேன். கோ மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவர். அதற்கு வெகுகாலம் முன்பு யுனிக்ஸைப் படைத்தவர்களிலும் ஒருவர். டூரிங் விருது உரையாக 1984இல் அச்சான கட்டுரையில் அவர் ஓர் அச்சத்தைச் செய்தே காட்டினார். மூலநிரல் முழுவதும் சுத்தமாக இருந்தாலும், அதைக் கம்பைல் செய்யும் கம்பைலர் கெட்டதாக இருந்தால் வெளிவரும் நிரல் கெட்டதாக இருக்கும். கம்பைலரின் மூலநிரலையும் சுத்தம் செய்து மறுபடி கட்டலாமே என்றால், கட்டுவதும் அதே கெட்ட கம்பைலர்தான். நஞ்சு அடுத்த தலைமுறைக்கும் இறங்கிவிடும். கோ கம்பைலரே 2015இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து கோ மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் இந்த அச்சம் அதற்கும் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த 1.21 பதிப்பில் அதற்கு விடையாக ஒன்று செய்தார்கள். எந்தக் கணினியில், எந்த இயங்குதளத்தில் கட்டினாலும், அதே மூலநிரலிலிருந்து பைட் மாறாமல் அதே கருவித்தொகுப்பு வெளிவரும்படி அமைத்தார்கள். அவர்கள் இணையதளத்தில் கொடுப்பதை நாம் மயிலாப்பூரில் கட்டியதோடு வைத்து ஒப்பிடலாம். ஒரே மாதிரி இருந்தால் நடுவில் யாரும் கைவைக்கவில்லை.

கடைசியாக நம் மொழியின் பக்கம். தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கி, அதைப் பற்றி 2009இல் கட்டுரை வெளியிட்டார். பைத்தானின் ‘பிப் இன்ஸ்டால்’ கொண்டு அதை நிறுவலாம். நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு ‘ஆனால்’ என்று முடிக்கும் அதன் வாக்கிய அமைப்பு தமிழ் நாவுக்கு இயல்பாக வருகிறது. கோ மொழியில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், மாறிகளின் பெயரைத் தமிழில் வைக்கலாமே என்று முயன்றால் விநோதமான தடை ஒன்று வருகிறது. ‘பல’ என்று பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்கிறது. ‘மரம்’ என்று வைத்தால் செல்லாத எழுத்து என்கிறது. மகர மெய்யின் மேல் இருக்கும் புள்ளிதான் அந்தச் செல்லாத எழுத்து! யூனிகோடில் அகரமேறிய உயிர்மெய்கள் ‘எழுத்து’ என்ற வகையிலும், கால், கொம்பு, புள்ளி ஆகியவை ‘குறி’ என்ற வகையிலும் இருக்கின்றன. கோவின் இலக்கணம் ஒரு பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றை மட்டுமே அனுமதிக்கிறது. பைத்தான் 3இல் இந்தத் தடை இல்லை. ரஸ்ட் மொழியும் 2021இல் திறந்துவிட்டது. உலக மொழிகளையெல்லாம் கணினியில் ஏற்றிய யுடிஎஃப்-8 முறையை 1992இல் வகுத்தவர்கள் தாம்சனும் பைக்கும். அவர்கள் மொழியில் ‘மரம்’ நுழைய முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

குறிகளை அனுமதிக்கக் கோ காட்டும் தயக்கத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. ‘கொ’ என்பதில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் பதிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரே பெயர் இரண்டு மாறிகளாகிவிடும். பைத்தானும் ரஸ்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகின்றன. கோவுக்கும் அப்படி ஒரு விதி எழுத வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோ மொழியின் முழு மூலநிரலையும் இறக்கிக்கொள்ளுங்கள். கம்பைலர் பகுதியில் ‘சின்டாக்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஸ்கேனர்.கோ’ என்ற கோப்பு இருக்கிறது. பெயருக்குள் வரும் எழுத்தைச் சோதிக்கும் இடத்தில், முதல் எழுத்தாக இல்லாதபோது ‘குறி’யும் வரலாம் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். நிரலை அழகாக வரிசைப்படுத்தும் ‘கோஎஃப்எம்டி’ பயன்படுத்தும் ஸ்கேனர் வேறு. அங்கேயும் அதையே செய்யுங்கள். பிறகு ‘மேக்.பாஷ்’ ஓட்டுங்கள். ஏற்கெனவே நிறுவியிருக்கும் கோவைக் கொண்டு புதிய கோவைக் கட்டிவிடும்; மடிக்கணினியிலேயே சில நிமிட வேலை. ‘கோ இன்ஸ்டால்’ செய்யத் தெரிந்த எவருக்கும் இது எட்டும். புதிய கோவின் ‘பின்’ ஃபோல்டரைப் ‘பாத்’ பட்டியலின் முதலில் போட்டு, ‘மரம்’ என்ற மாறியோடு ஒரு நிரலைக் கம்பைல் செய்து பாருங்கள். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கேள்வி நேரம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். மடிக்கணினியை மூடாமல் வைத்திருக்கிறேன். மூலநிரலும் அதில் இருக்கிறது.